நான்கு பேர் பங்கு போட்ட பன்மை

புதிதாக இந்த அரபி வாத்தியார் வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரபி எழுத்தைக் கண்டு யாரும் ஓடிப்போவதில்லை. வலமிருந்து இடமாகப் படிப்பது சீக்கிரமே பழகிவிடும். அடித்தொண்டையிலிருந்து வரும் ஓசைகளுக்காகக் கொஞ்ச நாள் இருமித் தள்ளுவார்கள், அதுவும் சரியாகிவிடும். ஆட்கள் ஓடுவதெல்லாம் பன்மைப் பாடத்தன்றுதான். மலைமேல் செம்மேட்டில் நான் வகுப்பு ஆரம்பித்துப் பல வருஷம், அந்தப் பாடத்துக்கு அடுத்த சந்தை நாளில் பெஞ்சு பாதி காலியாகத்தான் கிடக்கும். கேட்டால் மிளகு பறிப்பு என்பார்கள். மிளகு காய்க்காத மாதத்திலும் மிளகு பறிப்பு என்றே சொல்வார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழில் நமக்கு என்ன கஷ்டம்? வீடு என்றால் வீடுகள், மரம் என்றால் மரங்கள். வாலில் ஒரு 'கள்' ஒட்டினால் வேலை முடிந்தது. அரபியிலும் அப்படிச் சாதுவான சொற்கள் உண்டு. 'சய்யாரா' என்றால் கார், பல கார்கள் 'சய்யாராத்'. 'முஹந்திஸ்' என்றால் இன்ஜினியர், பலர் இருந்தால் 'முஹந்திசீன்'. இந்த இரண்டையும் சொன்னவுடன் வகுப்பே நிமிர்ந்து உட்காரும், இவ்வளவுதானா என்பது போல. அப்புறம்தான் சனியன் பிடிக்கும். 'பைத்' என்றால் வீடு, வீடுகள் 'புயூத்'. 'வலத்' பிள்ளை, பிள்ளைகள் 'அவ்லாத்'. 'யௌம்' நாள், நாட்கள் 'அய்யாம்'. வால் அப்படியே இருக்க, வயிற்றுக்குள் எல்லாம் புரண்டு போயிருக்கும். இலக்கணக்காரர்கள் இதற்கு உடைந்த பன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உடைவது சொல் மட்டுமில்லை, படிக்கிறவன் மனசும்தான்.

அடைமொழியும் சும்மா இராது. 'கபீர்' என்றால் பெரியவர், பலர் வந்தால் 'கிபார்'. 'தவீல்' என்றால் நெட்டை, நெட்டையானவர்கள் பலர் என்றால் 'திவால்'. இதைச் சொன்ன அன்றைக்கு வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் எனக்குத் தண்ணீர் தாகமே எடுத்துவிட்டது. அதே பெரிய என்ற சொல்லை ஆட்களுக்கு இல்லாமல் வீடுகளுக்குச் சொன்னால் 'புயூத் கபீரா' என்று ஆகிவிடும். ஊரிலுள்ள அத்தனை வீட்டையும் சேர்த்து ஒரே ஒரு பெண்ணாக நினைத்துப் பேச வேண்டும். ஏன் என்று கேட்டால் நானும் உங்களைப் போலத்தான் கையை விரிப்பேன். ஒவ்வொரு சொல்லையும் அதன் பன்மையோடு சேர்த்துத்தான் மனசில் ஏற்ற வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது.

நான் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். வளைகுடாவில் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு சூடான் நாட்டுப் பெரியவரிடம் தொற்றிக்கொண்டு இந்த மொழியைக் கற்றேன். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்கும்போது மூக்கில் கண்ணாடி இருக்கும். தானாக ஏதாவது சொல்ல நினைத்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார், "இப்போது பேசுவது நான்" என்பார், சொல்லி முடித்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார். கண்ணாடி மூக்கில் இருக்கிறவரைக்கும் அவர் வெறும் குழாய். இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வரும், ஒரு சொட்டுக் கூடாது, ஒரு சொட்டுக் குறையாது. ஊருக்குத் திரும்பி வந்து நான் வகுப்பு ஆரம்பித்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தேன். உங்களுக்குக் கண்ணாடி இல்லையென்றால் துண்டோ பேனாவோ எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோடு கட்டாயம் இருக்க வேண்டும். அது எனக்கு எங்கே உதவியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

செம்மேட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில்தான் நம் வகுப்பு. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படித் திண்ணனூர் நாட்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சடையன், மாரி, பொன்னன், வெள்ளையன். நான்கு பேருக்கும் முப்பதைத் தாண்டிய வயது, நால்வரும் ஒரே குக்கிராமம். மிளகுக்கொடி ஏறிய உயரமான மரங்களில் ஒற்றை மூங்கிலை ஏணியாகச் சாத்தி ஏறிப் பறிப்பது அவர்கள் தொழில். சேர்ந்தே ஏறுவார்கள், சேர்ந்தே சாப்பிடுவார்கள், வகுப்பிலும் ஒரே பெஞ்சுதான். சடையன் வாய்க்காரன். ஊரிலேயே பெரிய மரம், ஊரிலேயே நீளமான மூங்கில், எல்லாம் தன்னுடையது என்பான். மாரியும் பொன்னனும் சிரிப்பதற்கென்றே பிறந்தவர்கள். வெள்ளையன் மட்டும் பேசமாட்டான். பதில் தெரிந்தாலும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

ஓமானில் ஒரு பேரீச்சைப் பண்ணைக்கு மரமேறிகள் தேவைப்பட்டார்கள். பண்ணையின் கண்காணிப்பாளருக்கு அரபி தவிர வேறு மொழி தெரியாது. முன்பு வந்தவர்களோடு கைச்சாடையில் பேசிப் பேசி அவர் அலுத்துப்போய்விட்டாராம். அதனால் கொஞ்சமாவது அரபி பேசுகிற ஆள்தான் வேண்டும், வீடியோவில் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுத்தான் எடுப்போம் என்று பண்ணை மேலாளர் சொல்லியிருந்தார். நாமக்கல்லிலிருந்து ஆள் அனுப்புகிற ஏஜென்ட் தம்பி இந்தச் செய்தியோடு மலையேறி வந்தபோது மற்ற மூவரும் சரி போய்ப் பார்ப்போம் என்றார்கள். வெள்ளையன் மட்டும் அது எந்த ஊர் என்று கேட்டான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

அவன் மனைவி மல்லிகா அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் வார்டு உதவியாளராக இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆவதற்குள் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன் என்று அனுப்பி வைத்தவன் இவன். பின்னாலேயே போவதற்கு ஒரு வழியும் அமையவில்லை. வீட்டில் போனுக்கு சிக்னல் எடுக்காது என்பதால் பாறை மேல் ஏறி நின்று பேசுவான். மழை நாளில் அதுவும் கிடையாது. இந்த வேலை கிடைத்தால் வெள்ளிக்கிழமை தோறும் அவளைப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் பாறைதான் என்று மாரி ஒரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். பக்கத்தில் நின்ற வெள்ளையன் சிரிக்கவில்லை.

அந்த நால்வரும் பன்மையைப் பிடித்த வேகத்தைப் பார்த்து எனக்கே தலைகால் புரியவில்லை. நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்தப் பெஞ்சிலிருந்து பன்மை டாண் என்று வரும். சுல்லம் என்றால் சலாலிம், ஏணிகள். ஷஹ்ர் என்றால் ஷுஹூர், மாதங்கள். ஜதீத் என்றால் ஜுதுத், புதியவர்கள். இத்தனை வருஷத்தில் பன்மைப் பாடத்துக்குப் பிறகும் முழுசாக உட்கார்ந்திருந்த பெஞ்சு அது ஒன்றுதான். டவுனில் கோட்டும் சூட்டும் போட்டுப் படிக்கிறவர்களைக் கூட்டிவந்து இவர்களைக் காட்ட வேண்டும் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். என் மனைவி, கண்ணு பட்டுரப்போகுது என்றாள்.

பட்டுவிட்டது. வீடியோ பேட்டிக்கு முந்தின நாள் சந்தை. டீக்கடையில் வெள்ளையன் தனியாக நின்றிருந்தான். மற்ற மூவரும் சந்தைக்குள் போயிருந்தார்கள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன், இல்லீங்க என்றான். டீ வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, யௌமுக்குப் பன்மை சொல்லு பார்க்கலாம் என்றேன். குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல், நாள். அவன் வழக்கம்போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"அது மாரி பங்குங்க சார்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. பங்கு என்றால் என்ன பங்கு என்று கேட்டேன். அவன் ரொம்பச் சாதாரணமாக விளக்கினான். நாள், மாதம், வருஷம், எண்ணிக்கை எல்லாம் மாரி பங்கு. வீடு, பிள்ளை, அண்ணன் தம்பி, சாப்பாடு பொன்னன் பங்கு. பெரிய, சின்ன, நெட்டை, குட்டை, புதுசு, பழசு என்று வருகிற அடைமொழி முழுக்கச் சடையன் பங்கு. அவன் வாய்க்கு அதுதான் பொருத்தம் என்று ஏகமனதாக ஒதுக்கியிருக்கிறார்கள். மரம், கிளை, கயிறு, ஏணி, கத்தி வெள்ளையன் பங்கு. குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுக்க இறங்கினால் ஆளுக்கொரு பாத்தியைப் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா, அப்படிப் பிரித்துக்கொண்டார்களாம். ஒருத்தன் பாத்தியில் இன்னொருத்தன் கால் வைப்பதில்லை.

"ஒரே களையை நாலு பேர் புடுங்குவாங்களாங்க சார்?" என்று என்னையே கேட்டான்.

அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த அரபி முழுசாக அந்தப் பெஞ்சில் இருந்தது. யாரிடமும் முழுசாக இல்லை. டீக்கடையில் நின்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை நிற்காது, இங்கே பழையவர்கள் அறிவார்கள். நாளைக்கு ஆளுக்கு ஆள் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்களே, அப்போது மாரியை மடியில் வைத்துக்கொண்டா உட்காருவாய் என்று கத்தினேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, அப்படீன்னா என்னைய எடுக்க மாட்டாங்களாங்க என்று மெதுவாகக் கேட்டான். அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை.

மற்ற மூவரையும் சந்தையிலிருந்து இழுத்துவந்து மாடியில் உட்கார வைத்தேன். ஒவ்வொருவனும் தன் பங்கை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றேன். முதலில் தயங்கினார்கள். மாரி சொல்லை வெள்ளையன் சொல்வது அவன் சட்டையை இவன் போடுவது போல அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டியதில் சடையனும் மாரியும் பொன்னனும் எப்படியோ தேறிவிட்டார்கள். வெள்ளையனுக்கு ஏற ஏற வழுக்கியது. பயம் உட்கார்ந்த மண்டையில் வேறு எதுவும் உட்காராது.

ஏஜென்ட் தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் அவரிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. போனுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டு உதட்டை மட்டும் அசைக்க வேண்டும், வெள்ளையன் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவான், அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். பாறை மேல் நின்று பேசுகிற ஒருத்தனுக்கு உதட்டை அசைப்பதில் என்ன பாவம்? ஆனால் யோசித்துப் பாருங்கள். மரத்தடியிலிருந்து கண்காணிப்பாளர் கத்தும்போது என் உதடு அங்கே இருக்காது. முடியாது தம்பி என்று சொல்லிவிட்டேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை நானும் ஏஜென்ட் தம்பியும் மாடி அறையில் மேசைமேல் போனைச் சாத்தி வைத்தோம். மேலாளர் வெள்ளைத் தலைப்பாகையும் நரைத்த தாடியுமாகத் திரையில் வந்தார். சிடுசிடுப்பானவர் இல்லை, ஆனால் வெட்டிப் பேச்சும் இல்லாதவர். கேள்வியை அவரே நேரடியாக அரபியில் கேட்பார், சம்பளம், விடுப்பு மாதிரி விஷயங்களுக்கு மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருத்தன் உள்ளே, மற்றவர்கள் படிக்கட்டில்.

சடையன் முதலில் போய்த் தன் பங்கை அள்ளி வீசினான். மலை கபீர், மரம் தவீல், மூங்கில் ஜதீத் என்று ஊரையே பெரிதாக்கிக் காட்டினான். மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாரியிடமும் பொன்னனிடமும் அவர் கேட்டது அவர்களுக்குத் தெரிந்ததாகவே அமைந்தது. அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு, மூன்று பேருக்கும் அது கூடவே வந்தது.

பிறகு வெள்ளையன் உட்கார்ந்தான். அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று மேலாளர் கேட்டார். வெள்ளையன் பக்கத்தில் பார்த்தான், காலி நாற்காலி. கதவைப் பார்த்தான், சாத்தியிருந்தது. மேலாளர் பொறுமையாக இன்னொரு தடவை கேட்டார். வெள்ளையன், "ஷஜரா, அஷ்ஜார்" என்றான். மரம், மரங்கள். உங்கள் ஊரில் மழை எத்தனை மாதம் என்று கேட்டார். "ஹப்ல், ஹிபால்" என்றான். கயிறு, கயிறுகள். தன்னிடம் இருந்ததை அவன் எடுத்து வைத்தான், அவர் கேட்டது அதை இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை அவன் சட்டைக்குள் இறங்கியது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். முதல் மூவர் சரி, இவன் வேண்டாம், சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். இப்போது பேசுவது நான், கொஞ்சம் அனுமதி கொடுங்கள் என்று அரபியில் கேட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார், சரி என்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இவர்கள் பாடத்தைப் பாத்தி பிரித்துக்கொண்டார்கள், இவன் பாத்தி மரமும் கயிறும், மற்றது இவனுக்குத் தெரியாது என்றேன். இவன் முட்டாள் இல்லை என்றும் சொன்னேன். இவனுக்கு அரபி தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை, தெரியாது என்பதால். மேலாளர் தாடியைத் தடவினார். பிறகு அவர் சொன்னது நியாயமான பேச்சு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மரத்தின் உச்சியில் ஒருத்தன் தனியாகத்தான் இருப்பான், கீழிருந்து கண்காணிப்பாளர் கத்துகிற சொல் அவன் பங்கில் இல்லாவிட்டால் விழுந்து சாவான், அந்தப் பழியை நான் சுமக்க முடியாது என்றார்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து மற்ற மூவரையும் உள்ளே கூப்பிட்டு, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். அப்புறம் தலையைத் தூக்கி, அவனாக முதல் தடவை, பக்கத்தில் யாரையும் பார்க்காமல் பேசினான்.

"மேல ஒருத்தன் இருந்தா கீழ ஒருத்தன் மூங்கிலைப் புடிச்சுக்கிட்டு நிப்பானுங்க. மேல போனவன் எங்கீங்க தனியா?"

அதை மேலாளருக்குச் சொன்னேன். நல்ல பதில்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவு முடிவுதான் என்றார். மூன்று பேருக்கு வேலை தயாராக இருக்கிறது, வருகிறார்களா இல்லையா என்று அவர்களிடம் கேட்டு இப்போதே சொல்லுங்கள் என்றார்.

கேட்டேன். மலையில் யாரும் இந்த மாதிரிக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் போகப் போகத் தெரியும். சடையனும் மாரியும் பொன்னனும் அறையின் மூலைக்குப் போய்த் தலைகளைச் சேர்த்துக்கொண்டு கிசுகிசுத்தார்கள். திரையில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏஜென்ட் தம்பி, சார் சீக்கிரம், போன் கட்டாகிடும் என்று துடித்தார். வெள்ளையன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவர்களைப் போகச் சொல்லி அவனே என்னிடம் கையால் சாடை காட்டினான். போகாமல் என்ன செய்வார்கள்? வீட்டில் அவரவருக்கு அவரவர் கஷ்டம். போகிறோம் என்று சொன்னால் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

சடையன் வந்தான். அத்தனை வாய்க்காரன் அன்றைக்கு ரொம்பக் குறைவாகப் பேசினான்.

"நாங்க மூணு பேரும் இங்கயே இருந்துக்கறமுங்க. வெள்ளையனை மட்டும் கூட்டிக்கச் சொல்லுங்க சார். அவன் ஊட்டுக்காரி அங்க ஒத்தையா இருக்குது."

எனக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று கை போனது. கழற்றினால் நான் பேசுகிறேன் என்று ஆகிவிடும். இது என் பேச்சு இல்லை, அவர்கள் பேச்சு. அப்படியே விட்டேன். கண்ணாடிக்கு உள்ளே என்ன நனைந்திருந்தாலும் சொன்னதைச் சொன்னபடி அரபியில் சொன்னேன். குரல்தான் இரண்டு தடவை உடைந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

மேலாளருக்கு முதலில் நான் தப்பாகச் சொல்கிறேனோ என்று சந்தேகம். நான் வேண்டாம் என்றது அவனைத்தானே, இவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்டார். அவர்களிடம் கேட்டேன். தெரியுமுங்க என்றார்கள் மூன்று பேரும். மேலாளர் திரையிலிருந்து விலகிப் போனார். அந்தப் பக்கம் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது, என்ன என்று பிடிபடவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஏணி பிடிக்க இவர்களைவிட நல்ல ஆள் எனக்குக் கிடைக்காது என்றார். நான்கு பேரும் வரட்டும், ஆனால் விமானம் ஏறுவதற்குள் ஒவ்வொருவனும் நான்கு பங்கையும் படித்திருக்க வேண்டும், அது உன் பொறுப்பு வாத்தியாரே என்று என்னை நோக்கி விரலை ஆட்டினார். அந்த விரலுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பெஞ்சு பதில் சொன்னால் மயங்கிவிடாதீர்கள், தலைக்குத் தலை தனித்தனியாகக் கேளுங்கள். அதே சமயம் அவர்கள் பாத்தி பிரிப்பதைத் தடுக்காதீர்கள். நான் அதற்குப் பிறகு வேண்டுமென்றே பிரித்துக் கொடுத்தேன், ஒவ்வொருவனும் தன் பங்கை மற்றவனுக்கு வாத்தியாராக இருந்து சொல்லித்தர வேண்டும் என்று வைத்தேன். பன்மைப் பாடத்துக்கு மறுவாரம் பெஞ்சு காலியாவது அத்தோடு நின்றது. உதட்டை அசைக்கச் சொல்லி உங்களிடமும் ஒருத்தர் வருவார். வந்தால் மாடியை விட்டு இறக்கிவிடுங்கள். உண்மையைச் சொல்லத் தோன்றினால், இப்போது பேசுவது நான் என்று முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அடுத்தவர் பேச்சில் உங்கள் கண்ணீரைக் கலக்காதீர்கள், எவ்வளவு முட்டிக்கொண்டு வந்தாலும்.

அன்றைக்குப் போன் அணைந்ததும் அறையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாரியும் பொன்னனும் வழக்கம்போல் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஏஜென்ட் தம்பி தானே எல்லாவற்றையும் நடத்திவைத்தது போல எல்லோருக்கும் கை கொடுத்தார். வெள்ளையன் ஜன்னலோரத்திலேயே நின்றான். நான்தான் அவனிடம் போய், ஏப்பா, ஊட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டாமா, இங்கேதான் போன் நன்றாக எடுக்கிறதே என்றேன். அவன் போனை எடுத்துப் பொத்தானைத் தேடினான். சடையன் வாங்கி அமுக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைத் திறந்து வைத்தான். மல்லிகா வேலையில் இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். என்னுங்க, என்னாச்சு என்று பதறினாள்.

"நாங்க வாரோம்" என்றான் வெள்ளையன்.

நாங்கன்னா யாருங்க என்று கேட்டாள். சடையன் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நாலு பேருந்தான் அம்மிணி என்றான். அழுகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது. அழுது மூக்கை உறிஞ்சி முடித்துவிட்டு மல்லிகா கேட்டாள்:

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு நாலு பேருக்குஞ் சோறாக்கோணுமுங்களா?"